வரைபடம் வராவிட்டால் முன்பதிவும் நிற்க வேண்டுமா? பக்கத்தை மறிக்கும் பிழைப் பெட்டிகள்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் நான்கு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறோம். அக்கா மகன் இணையதளம் செய்து கொடுத்தான். வாடகைப் பட்டியல், கூகுள் வரைபடம், வானிலைப் பெட்டி, யுபிஐ கட்டணம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கோவையில் திறந்தால் ஒழுங்காக வருகிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் விருந்தினர்கள், "எரர் எரர்னு பெட்டி வந்துகிட்டே இருக்கு, ஓகே அழுத்தினா மறுபடி வருது, உங்க போன் நம்பரைக்கூடப் பார்க்க முடியல" என்கிறார்கள். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேறு மாதிரி ஒரு பெட்டி வருகிறது. இது சிக்னல் கோளாறா, தளத்தின் கோளாறா?

பதில்:

இரண்டும்தான். மலைச்சாலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அதை நீங்களோ நானோ மாற்ற முடியாது. ஆனால் வரைபடம் வரவில்லை என்பதற்காகத் தொலைபேசி எண்ணையும் சேர்த்து மறைப்பது தளத்தை எழுதிய விதத்தில் உள்ள கோளாறு. அதை ஒன்றிரண்டு நாள் வேலையில் சரிசெய்துவிடலாம். மூடுபனியில் வண்டியை ஓரங்கட்டி வழி கேட்க நினைப்பவருக்கு அந்த எண் கிடைத்தே ஆக வேண்டும். எல்லா வேலைக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டி யாருடையது என்று பாருங்கள். எல்லாவற்றையும் "எரர்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் மருந்து தவறிப்போகிறது.

திரையின் மேல்பகுதியிலோ நடுவிலோ சின்னப் பெட்டி, அதன் தலைப்பில் உங்கள் தளத்தின் முகவரி, கீழே ஒரே ஒரு ஓகே பொத்தான். இப்படி வந்தால் அது உங்கள் பக்கமே போடும் பெட்டி. பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்க்ரிப்டில் 'அலர்ட்' என்ற கட்டளை இதைக் காட்டுகிறது. தளம் செய்து கொடுத்த தம்பியே (உங்கள் அக்கா மகன்) எழுதியிருக்கலாம், அவர் சேர்த்த நூலகம், அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்று தானாகப் போடலாம். உங்கள் தளத்தில் வாடகைப் பட்டியல் இருப்பதால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது டேட்டாடேபிள்ஸ் நூலகத்தின் மேல். பட்டியலுக்கான தரவு வராவிட்டால் "டேட்டாடேபிள்ஸ் வார்னிங்" என்று தொடங்கும் அலர்ட் போடுவதுதான் அதன் இயல்பு அமைப்பு. எழுதும்போது பிழையைக் கண்டுபிடிக்க அது உதவும். விருந்தினர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது. 'எர்மோட்' என்ற அமைப்பை 'நன்' என்று மாற்றி, பிழையை நம்முடைய செயல்கூறு ஒன்றுக்கு அனுப்பினால் அந்தப் பெட்டி அன்றோடு நிற்கும். ஒரே வரி வேலை.

வரைபடம் இருக்கும் இடத்துக்குள்ளேயே வெள்ளைப் பெட்டி, பின்னால் இருண்ட வரைபடம், அதன்மேல் சோதனைக்கு மட்டும் என்ற பொருளில் ஆங்கில எழுத்துகள், "இந்த இணையதளம் உங்களுடையதா?" என்ற கேள்வி. இப்படி இருந்தால் சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கூகுள் மேப்ஸின் ஏபிஐ சாவி (தளத்தில் வரைபடத்தைக் காட்டக் கூகுள் தரும் அனுமதிக் குறியீடு) தவறு, அல்லது அந்தக் கணக்கில் பில்லிங் இயக்கப்படவில்லை. வரைபடமே இல்லாமல் சாம்பல் நிறக் கட்டமும் "ஊப்ஸ்" என்று தொடங்கும் வரியும் வந்தால், சாவிக்குப் போட்ட முகவரிக் கட்டுப்பாட்டைப் பாருங்கள். மூன்று டபிள்யூ சேர்ந்த முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அது இல்லாத முகவரியை அனுப்பியிருந்தால், ஒருவருக்கு வரைபடம் வரும், இன்னொருவருக்கு வராது. கோவையில் சரி, விருந்தினருக்குத் தவறு என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். விருந்தினருக்கு அனுப்பிய அதே லிங்கைக் கோவையில் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரும் பெட்டியில் "ஸ்க்ரிப்ட் எரர்" என்ற தலைப்பு, லைன், கேரக்டர், கோட், யுஆர்எல் என்று வரிசையாக விவரம், கடைசியில் தொடரட்டுமா என்று கேட்டு யெஸ், நோ என இரு பொத்தான்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பெட்டி. அந்த உலாவியை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் ஓய்வுபெறச் செய்தாலும் அதன் உள்பாகம் விண்டோஸில் இன்னும் இருக்கிறது. பழைய பில்லிங், கணக்கு மென்பொருள்கள் தங்களுக்குள் பக்கம் காட்ட அதைத்தான் பயன்படுத்துகின்றன. பெட்டியில் யுஆர்எல் என்ற வரியில் உங்கள் தளத்தின் பெயர் இருக்காது, அந்த மென்பொருளின் முகவரி இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' என்று தேடித் திறந்து, அட்வான்ஸ்டு தாவலில், ஸ்க்ரிப்ட் டிபக்கிங்கை முடக்கும் இரண்டு கட்டங்களிலும் டிக் போடுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரிப்ட் பிழைக்கும் அறிவிப்புக் காட்டு என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். மென்பொருளுக்குப் புதிய பதிப்பு இருந்தால் அதைப் போடுவதே நிரந்தரத் தீர்வு.

நான்காவது வகை மோசடி. திரை முழுக்கச் சிவப்பு, அலார ஓசை, வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்ற மிரட்டல். எந்த உலாவியும் பிழைச் செய்தியில் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் கொடுப்பதில்லை. அழைக்காதீர்கள். எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வாருங்கள். முடியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் உலாவியை முடித்துவிடுங்கள். பிறகு அமைப்புகளில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய்த் தெரியாத தளங்களுக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

பார்க்க ஒரே பக்கமாக இருந்தாலும் அது பல இடங்களிலிருந்து வந்து சேர்வது. எழுத்தும் படங்களும் உங்கள் சர்வரிலிருந்து வருகின்றன. வரைபடம் கூகுளிலிருந்து, வானிலை இன்னொரு சேவையிலிருந்து, கட்டணப் பகுதி, பணப் பரிமாற்றத்தை நடத்தும் பேமென்ட் கேட்வேயிலிருந்து. எழுத்துருவும் ஜேகொயரி போன்ற நூலகங்களும் வேறு இடங்களிலிருந்து. ஒவ்வோர் இடத்துக்கும் உலாவி தனியாகப் பெயர் தேடி, தனியாக இணைப்புப் போட்டு, தனியாகப் பாதுகாப்புச் சரிபார்ப்பு நடத்த வேண்டும். கோவையின் ஃபைபர் இணைப்பில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாமல் முடிந்துவிடும். குஞ்சப்பனைக்கு மேல் வளைவுக்கு வளைவு சிக்னல் ஏறி இறங்கும்போது, உலாவி இந்த இடங்களுக்கு அனுப்பும் ஆறு வேண்டுதல்களில் (ரிக்வெஸ்ட்) நான்கு போய்ச் சேரும், இரண்டு பாதியில் அறும். சிக்னல் குச்சி இரண்டு காட்டினாலும் தரவு நகராது. உலாவியிடம் 'ஆன்லைனா' என்று கேட்டால் 'ஆம்' என்றே சொல்லும். ஏதோ ஒரு வலையமைப்புடன் ஒட்டியிருக்கிறோம் என்பதற்கு மேல் அந்த விடைக்குப் பொருள் கிடையாது. அதை நம்பி நிரல் எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

ஆறில் இரண்டு வராமல் போவது மலையில் அன்றாடம். அதைச் சொல்ல அலர்ட் ஏன் ஆகாது என்பதைத் தம்பிக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அலர்ட் வந்த நொடியில் அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்க்ரிப்ட் முழுவதும் நிற்கிறது. ஓகே அழுத்தும் வரை வேறெதுவும் நகராது: தேதி தேர்வு, பட ஸ்லைடு, கட்டணப் பொத்தான் எல்லாமே. பெயரும் எண்ணும் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விசைப்பலகை மறைந்துபோகும். "ஓகே அழுத்தினா மறுபடி வருது" என்று விருந்தினர் சொல்வதை வைத்துப் பார்த்தால், வானிலைப் பெட்டி சில நொடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். தோற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அலர்ட் வந்துவிடுகிறது.

இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பெட்டிகள் தொடர்ந்து வந்தால், இந்தப் பக்கம் மேலும் பெட்டி காட்டாமல் தடுக்கட்டுமா என்று உலாவியே கேட்கும். சலித்துப்போனவர் டிக் போட்டுவிடுவார். அதன்பின் அதே பக்கத்தில் ஓகே, கேன்சல் என்று கேட்கும் 'கன்ஃபர்ம்' பெட்டிகளும் வராது. உலாவி விடையை 'இல்லை' என்று தானே எடுத்துக்கொள்ளும். "இந்தத் தேதிக்கு முன்பதிவு செய்யட்டுமா?" என்று நீங்கள் கன்ஃபர்மில் கேட்டிருந்தால், விருந்தினர் பொத்தானை எத்தனை முறை தொட்டாலும் ஒன்றும் நடக்காது, ஏன் என்றும் தெரியாது. வானிலைக்குப் போட்ட பெட்டி முன்பதிவைக் கொன்றுவிடும்.

உலாவி செய்பவர்களே இந்தப் பெட்டிகளைக் குறைக்கப் பார்க்கிறார்கள். 2021-இல் க்ரோம் 92-ஆம் பதிப்பில், வேறு தளத்திலிருந்து சட்டகத்துக்குள் (ஐஃப்ரேம், ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் கட்டம்) வரும் பக்கங்கள் அலர்ட் போடுவதைத் தடுத்தார்கள். பல தளங்கள் உடைந்ததால் அப்போது பின்வாங்கினார்கள். உங்கள் தளத்தின் முக்கிய வேலை எதையும் அலர்ட்டிலும் கன்ஃபர்மிலும் தொங்கவிடாமல் இருப்பதே நல்லது.

தம்பி செய்ய வேண்டியவை. நான் முக்கியம் என்று கருதும் வரிசையில் சொல்கிறேன்.

தொலைபேசி எண், முகவரி, வாடகை மூன்றும் எந்த ஸ்க்ரிப்டும் இல்லாமல், வெறும் எழுத்தாகப் பக்கத்தின் முதல் திரையிலேயே இருக்கட்டும். எண்ணைத் தொட்டால் அழைப்புப் போகும்படி இணைப்பாக்குங்கள். முன்பதிவுப் படிவமும் ஸ்க்ரிப்ட் இல்லாமலே அனுப்பக்கூடிய சாதாரண ஹெச்டிஎம்எல் படிவமாக இருந்தால் இன்னும் நல்லது. நான்கு அறைகளின் வாடகையைக் காட்ட டேட்டாடேபிள்ஸ் தேவையே இல்லை, சாதாரண அட்டவணை போதும்.

அடுத்து, வரைபடம், வானிலை, முன்பதிவு மூன்றுக்கும் தனித்தனி ஸ்க்ரிப்ட் கோப்புகள் வேண்டும். ஒரே கோப்பில் மேலே வரைபடமும் கீழே முன்பதிவும் இருந்தால், மேலே பிழை எழுந்ததும் கீழே உள்ளது ஓடவே ஓடாது. தனிக் கோப்பானால் ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். ஜேகொயரியை வெளித்தளத்திலிருந்து அழைத்திருந்தால் உங்கள் சர்வரிலேயே வைத்துவிடுங்கள். அது வராத நாளில் "டாலர் வரையறுக்கப்படவில்லை" என்ற பிழையுடன் எல்லாமே படுத்துவிடும்.

தரவு எடுக்கும் 'ஃபெட்ச்' கட்டளையில் மூன்று பொறிகள் உள்ளன. சர்வர் 404, 500 என்று விடை சொன்னாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. விடையின் 'ஓகே' பண்பை நாமே பார்க்க வேண்டும். பார்க்காமல் நேரே ஜேசனாக (தரவு அனுப்பும் ஒரு வடிவம்) பிரிக்கப் போனால், சர்வர் அனுப்பிய பிழைப்பக்கத்தின் முதல் எழுத்தான கோணக்குறி தட்டி, "எதிர்பாராத டோக்கன்" என்று பிழை எழும். விருந்தினர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டில் அந்தச் சொல்லும் கோணக்குறியும் இருந்தால் சிக்னலைக் குறை சொல்லாதீர்கள். சர்வர் பதில் சொல்லியிருக்கிறது, சொன்னது பிழைப்பக்கம். இரண்டாவது பொறி: ஃபெட்சுக்குக் காலக்கெடு கிடையாது. நாம் வைக்காவிட்டால் அரைகுறைச் சிக்னலில் நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். 'அபார்ட்சிக்னல்' வழியாக 8 அல்லது 10 நொடிக் கெடு வையுங்கள். மூன்றாவது: எல்லாத் தரவையும் 'ப்ராமிஸ் ஆல்' என்று ஒரே கட்டாகக் கட்டினால், வானிலை ஒன்று தோற்றதும் மொத்தக் கட்டும் தோற்றதாகிவிடும். அதற்குப் பதிலாக 'ஆல்செட்டில்ட்' வைத்தால் எது வந்தது, எது வரவில்லை என்று தனித்தனியாகத் தெரியும், வந்ததைக் காட்டலாம்.

தோற்ற பகுதி, தன் இடத்திலேயே, தன் கட்டத்துக்குள்ளேயே பேசட்டும். வரைபடத்தின் வெற்றுக் கட்டத்துக்குள் இப்படி எழுதலாம்:

"வரைபடம் இப்போது வரவில்லை. வழி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சாலை, குஞ்சப்பனை, அரவேனு வழியாகச் சுமார் 33 கி.மீ. ஊருக்குள் வந்ததும் எங்களை அழையுங்கள்."

அதன் கீழே 'மறுபடி முயல்க' என்று ஒரு பொத்தான். இந்த வாசகம் முதலிலிருந்தே அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும், வரைபடம் வந்தால் அதன்மேல் வந்து உட்காரும். பிழை வந்த பிறகுதான் செய்தியைக் காட்டுவோம் என்று வைத்தால், செய்தி காட்டும் ஸ்க்ரிப்டே வராமல் போகும் நாளில் கட்டம் வெறிச்சோடிக் கிடக்கும். வானிலைக்கு இவ்வளவுகூட வேண்டாம். வராவிட்டால் அந்தப் பெட்டியை மறைத்துவிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், வாசிப்பின் நடுவே குறுக்கிடாமல் செய்தியைச் சொல்ல, அந்தக் கட்டத்துக்கு 'ஸ்டேட்டஸ்' என்ற ரோல் கொடுத்தால் போதும். 'அலர்ட்' ரோல் கொடுத்தால் அது பேச்சை வெட்டிக்கொண்டு நுழையும்.

தானாக மறுமுயற்சி இரண்டு முறை போதும்: 2 நொடி கழித்து ஒன்று, 6 நொடி கழித்து ஒன்று. அதற்குமேல் பொத்தான் அவர் கையில். தகவலைப் படிக்கும் வேண்டுதலுக்குத்தான் இந்த மறுமுயற்சி. முன்பதிவையோ கட்டணத்தையோ அனுப்பும் வேண்டுதலை ஒருபோதும் தானாகத் திரும்ப அனுப்பாதீர்கள். முதல் வேண்டுதல் போய்ச் சேர்ந்து, விடை மட்டும் வழியில் அறுந்திருக்கலாம். திரும்ப அனுப்பினால் ஒரே அறைக்கு இரண்டு முன்பதிவு விழும். ஒவ்வொரு முன்பதிவுக்கும் தனி எண் ஒன்றை உலாவியிலேயே உருவாக்கி அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய விடையையே தரும்படி எழுதினால் இது வராது.

கூகுள் வரைபடத்துக்கு எளிய வழி உண்டு. உங்களுக்குத் தேவை ஒரே ஒரு குறிதான். கூகுள் மேப்ஸில் உங்கள் இடத்தைத் திறந்து, பகிர் என்பதை அழுத்தி, உட்பொதிக்கும் நிரல்துண்டை எடுத்து ஒட்டினால் ஏபிஐ சாவியும் வேண்டாம், பில்லிங்கும் வேண்டாம், அந்த வெள்ளைப் பெட்டியும் வராது. சாவி வைத்தே ஆக வேண்டும் என்றால் 'ஜிஎம்_ஆத்ஃபெயிலியர்' என்ற பெயரில் ஒரு செயல்கூறு எழுதுங்கள். சாவி நிராகரிக்கப்பட்டதும் கூகுளின் நிரல் அதை அழைக்கும், அதற்குள் வரைபடத்தை எடுத்துவிட்டு வழி வாசகத்தைக் காட்டலாம்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை என்பதால், அரசின் இ-பாஸ் பக்கத்தை உங்கள் பக்கத்துக்குள் சட்டகமாக வைக்கத் தோன்றலாம். வேண்டாம். பிற தளத்துக்குள் தங்கள் பக்கம் திறக்கக் கூடாது என்று அரசு, வங்கித் தளங்கள் பல தடை வைத்திருக்கும். அப்போது "இணைக்க மறுத்தது" என்ற சாம்பல் கட்டம்தான் வரும். இணைப்பு மட்டும் கொடுங்கள்.

படங்களையும் பாருங்கள். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருந்தால், நொடிக்கு 1 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் ஒரு படத்துக்கு 32 நொடி ஆகும். அதே நேரத்தில் மற்ற வேண்டுதல்கள் வரிசையில் நின்று கெடு தாண்டித் தோற்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் 200 கேபிக்குள் கொண்டுவந்தால் அது 2 நொடிக்குள் முடியும். பிழைப் பெட்டிகளில் பாதியைக் குறைக்க இதுவே போதுமானதாக இருக்கலாம்.

அப்படியானால் பெட்டியே கூடாதா என்றால், இரண்டு இடத்தில் வேண்டும். நிரப்பிய படிவம் அழியப்போகிறது, அவர் முடிவெடுக்க வேண்டும் என்ற இடம் ஒன்று. பணம் சம்பந்தப்பட்ட இடம் மற்றொன்று. அங்கும் அலர்ட்டை விட்டுவிட்டு ஹெச்டிஎம்எல்லின் 'டயலாக்' உறுப்பைப் பயன்படுத்துங்கள். அது மற்ற ஸ்க்ரிப்டுகளை நிறுத்தாது. பணம் அனுப்பி விடை வராத நேரத்தில் "கட்டணம் தோல்வி" என்று எழுதாதீர்கள். "உங்கள் பணம் வந்ததா என்று சரிபார்க்கிறோம். மறுபடி செலுத்த வேண்டாம்" என்று எழுதி, ஆர்டர் எண்ணை வைத்து உங்கள் சர்வர் கேட்வேயிடம் நிலையைக் கேட்கட்டும். தோல்வி என்று எழுதினால் அவர் இரண்டாம் முறை செலுத்துவார். யுபிஐயில் வணிகருக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்து, வணிகருக்கு உறுதியாகாமல் நின்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. விருந்தினர் பதறும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

பெட்டியை எடுத்துவிட்டால் பிழை நடந்ததே நமக்குத் தெரியாமல் போய்விடுமே என்று தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. 'எரர்', 'அன்ஹேண்டில்ட்ரிஜெக்ஷன்' என்ற இரண்டு நிகழ்வுகளையும் பிடித்து உங்கள் சர்வரில் பதிவாக்குங்கள். படமும் ஸ்க்ரிப்டும் வராத பிழை மேலே குமிழாக எழுவதில்லை. 'கேப்ச்சர்' நிலையில் கேட்டால்தான் கிடைக்கும். பதிவில் வெறுமனே "ஸ்க்ரிப்ட் எரர்", வரி 0 என்று வந்தால், பிழை வெளித்தள ஸ்க்ரிப்டில் எழுந்தது என்று பொருள். பாதுகாப்புக்காக உலாவி விவரத்தை மறைக்கிறது. அந்த ஸ்க்ரிப்ட் குறியில் 'க்ராஸ்ஆரிஜின்' பண்பைச் சேர்த்து, அனுப்பும் சர்வரும் அனுமதித் தலைப்பு கொடுத்தால் முழு விவரம் கிடைக்கும்.

சோதனைக்கு மலையேற வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் க்ரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் தாவலுக்குப் போய், வேகத்தை 3ஜி என்று வையுங்கள். பிறகு பட்டியலில் வரைபடத்துக்கான வேண்டுதலில் வலது சொடுக்கி, அந்த டொமைனைத் தடு என்று கொடுத்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அடுத்து வானிலை, அடுத்து எழுத்துரு, அடுத்து கேட்வே. ஒவ்வொன்றையும் தடுக்கும்போது தொலைபேசி எண் தெரிகிறதா, படிவம் நிரப்ப முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசியாக எல்லா வெளி டொமைன்களையும் ஒன்றாகத் தடுத்துவிட்டு ஒரு முன்பதிவு போட்டுப் பாருங்கள். அது உங்கள் சர்வரில் பதிவானால் தளத்தை விருந்தினருக்கு அனுப்பலாம். அதுவரை, வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது அதே செய்தியில் உங்கள் எண்ணையும் வழியையும் எழுத்தாகச் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.